படியெடுப்போர் பிழையும் சுவாசப்பைப் புற்றுநோயும்

அச்சுப்பொறி வருமுன்னர் நம் முன்னோர் நூல்களைப் பனையோலையிலே பெயர்த்தெழுதிக் காத்து வந்தனர் என்பதை நேயர்கள் அறிவர். ஓலை அழியும் பொருள். ஆகவே பழைய ஏடு மடியுமுன் புதிய ஏடு எழுதப்படல் வேண்டும். படியெடுப்போன் எத்துணைக் கவனமுடையவனாயினும், மூல ஏட்டிலே செல்லரித்த இடம் ஒன்று வந்துவிட்டால் அவன் என் செய்வான்? எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுவது ஒரு வழி. அவ்வாறு செய்தால் நூல் அரைகுறையாய் நின்றுவிடும். அவ்விடத்திலே ஏதோ ஓர் எழுத்தை ஊகித்து நிரப்பிவிட்டு மேலே செல்வது மற்றொரு வழி. நூல் பிழைத்துவிடும், ஆனால் ஒரு பாடபேதம் பிறந்துவிடும். பின்வரும் படியெடுப்போர் அப்பிழையையே மூலமெனக் கொண்டு, ஓர் எழுத்தும் தவறாது, பயபக்தியோடு பெயர்த்தெழுதுவர்.

நம் உடலின் கலங்களுக்குள்ளும் இத்தொழில் ஓயாது நடைபெறுகிறது. ஒவ்வொரு கலத்திலும் பரம்பரைச் செய்தியைத் தாங்கிய டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. கலம் இரண்டாகப் பிரியுமுன் அவ்விழை முழுவதும் படியெடுக்கப்படல் வேண்டும். அதனைப் படியெடுக்கும் நொதியங்களை டீ.என்.ஏ. பொலிமரேசுகள் என்பர். இவற்றுட் சில பிழையின்றி எழுதுவன. சில, செல்லரித்த இடத்திலே ஊகித்து நிரப்புவன. இவ்விரண்டாம் வகையினருக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன். இது ஆய்வுகூடத்தின் கதை மட்டுமன்று. ஓர் உண்மையை அறிந்த பின்னரும் மனிதர் அதனை ஏற்கத் தயங்கிய கதையுமாகும்.

கதை புகையிலையிலே தொடங்கவில்லை, புகைக்கரியிலே தொடங்குகிறது. இலண்டன் மாநகரில் சென் பாதலோமியு வைத்தியசாலையிற் சத்திர வைத்தியராயிருந்த பேர்சிவல் பொட் என்பார், 1775ஆம் ஆண்டிலே, புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் தொழிலாளரிடையே மறைவிடத்துத் தோலில் ஒருவகைப் புற்றுநோய் மிகுந்து காணப்படுவதை எடுத்துரைத்தார். சிறு வயதிலேயே ஒடுங்கிய புகைபோக்கிகளுள் ஏற்றப்பட்ட அவ்வேழைச் சிறுவரின் உடலிற் படிந்த கரியே நோய்க்குக் காரணம் என்பது அவர் துணிபு. புற்றுநோய் வெளியிலிருந்து வரும் ஒரு பொருளால் உண்டாகலாம் என்ற எண்ணத்திற்கு இதுவே வித்து எனலாம்.

எண்ணம் முளைத்தது, ஆனால் மெய்ப்பிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு அண்மையான காலம் சென்றது. 1915ஆம் ஆண்டில் தோக்கியோ நகரிலே கற்சுசபுரோ யமகிவா, கோயிச்சி இச்சிகாவா என்னும் இருவர், முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரைப் பல மாதங்களாகத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். அத்தாரினுள் நஞ்சாய் இருப்பது எது என்ற வினா அடுத்து எழுந்தது. இலண்டனில் ஏர்ணஸ்ற் கெனவேயின் ஆய்வுக்குழுவைச் சேர்ந்தோர் இரண்டு தொன் அளவான தார்ப் பிசினை எடுத்துப் பகுத்து வடித்து, ஈற்றில் ஒரு சிறிதளவு படிகப் பொருளைப் பெற்றனர். 1933ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்ட அப்பொருளின் பெயர் பென்சோபைரீன். மரமோ, நிலக்கரியோ, இலையோ முற்றாக எரியாதவிடத்து இப்பொருள் தோன்றும். புகையிலையும் ஓர் இலையே அன்றோ!

இனிச் சிகரட்டின் பக்கம் செல்வோம். சுவாசப்பைப் புற்றுநோய் முன்னாளில் அரிதினும் அரிதாயிருந்தது. 1912ஆம் ஆண்டிலே அந்நோயைப் பற்றித் தனிநூல் எழுதிய ஐசாக் அட்லர் என்னும் அமெரிக்க வைத்தியர், அது மிக அரிய நோய்களுள் ஒன்று என்றே குறித்தார். கையாற் சுற்றிய சிகரட்டைப் பொறி சுற்றத் தொடங்கியது 1880களில். முதலாம் உலக யுத்தத்திலே போர்வீரர் கைகளில் அது தாராளமாய்ப் புழங்கிற்று. அதன் பின் இரண்டு மூன்று தசாப்தங்கள் கழிந்ததும், அரிய நோய் என்று கூறப்பட்டது வைத்தியசாலைகளிலே அன்றாடக் காட்சியாயிற்று.

1950ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்து வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏர்ணஸ்ற் வைண்டர், எவாட்ஸ் கிறேயம் என்போருடையது. மற்றையது, இங்கிலாந்திலே றிச்சாட் டோல், பிறட்ஃபோட் ஹில் என்போருடையது. பின்னையோர் இலண்டன் வைத்தியசாலைகளிலிருந்த சுவாசப்பைப் புற்றுநோயாளரையும், வேறு நோயுற்றோரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். புற்றுநோயுற்ற 649 ஆண்களுள் புகைக்காதவர் இருவர் மாத்திரமே. வேறு நோயுற்ற அதே தொகையினருள் புகைக்காதவர் 27 பேர். தம் ஆய்வின் முடிவைக் கண்ட டோல் தாமே புகைத்தலை விட்டொழித்தார். கிறேயமோ, 1933ஆம் ஆண்டிலே புற்றுநோயுற்ற ஒரு சுவாசப்பையை முழுவதாக அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்த பெரும் சத்திர வைத்தியர். நீண்டகாலம் புகைத்த அவர், பிந்தியே அப்பழக்கத்தைக் கைவிட்டார். 1957ஆம் ஆண்டில் அதே நோய்க்கு அவர் இரையானார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

எண்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியும் எல்லாரும் செவிசாய்த்தனரோ என்றால், இல்லை. அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் 1954 சனவரியில் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளிலே முழுப்பக்க விளம்பரம் செய்து, காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்று மக்களுக்கு ஆறுதல் கூறின. வணிகர் கூறியதை விட்டுவிடலாம். புள்ளிவிபரவியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் றொனால்ட் பிஷர் என்னும் பேரறிஞரும் மறுத்தார். சிலர் பிறவியிலேயே ஒருவகைப் பரம்பரை அமைப்பு உடையவர். அவ்வமைப்பே அவர்களைப் புகைக்கவும் தூண்டுகிறது, நோய்க்கும் ஆளாக்குகிறது. ஆகவே புகை காரணமன்று, உடன்வரும் தோற்றமே என்பது அவர் வாதம். புகை எவ்வழியாலே கலத்தைக் கெடுக்கிறது என்ற வினாவிற்கு அன்று விடையில்லாமையால், அவ்வாதத்திற்கு இடமிருந்தது.

விடை தேடியோர் வேறொரு வழியால் வந்துகொண்டிருந்தனர். றோசலின்ட் பிறாங்கிளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களும் துணையாக, 1953ஆம் ஆண்டில் வொட்சன், கிறிக் என்போர் டீ.என்.ஏ. இழையின் அமைப்பைக் கண்டனர். அடினைன், தைமின், குவானைன், சைற்றோசைன் என நான்கே எழுத்துக்கள். அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைற்றோசைனும் நிற்றல் வேண்டும் என்பது விதி. மனிதக் கலம் ஒவ்வொன்றிலும் தாய்வழி வந்தது ஒன்று, தந்தைவழி வந்தது ஒன்று என இரு பிரதிகள். ஒவ்வொரு பிரதியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துச் சோடிகள். இவ்வெழுத்துக்களைக் கோக்கும் நொதியத்தை 1956ஆம் ஆண்டளவில் ஆதர் கோண்பேக் பற்றீரியாவிலிருந்து பிரித்தெடுத்தார். 1959இல் நோபல் பரிசும் பெற்றார். வியப்பு யாதெனில், அவர் அவ்வேலையைச் செய்த இடமும் சென் லூயிஸ் நகரத்து அதே வாஷிங்ரன் பல்கலைக்கழகமே. புகைக்கும் நோய்க்கும் உள்ள உறவை எண்ணிக்கையாற் கண்டவர்களும், அவ்வுறவின் இரகசியத்திற்குத் திறவுகோலான நொதியத்தைக் கண்டவரும் ஒரே வளாகத்திலே உலவினர். எனினும் அவ்விரு கண்டுபிடிப்புக்களும் ஒன்றோடொன்று கைகோக்க மேலும் நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

கலத்தின் முதன்மைப் படியெடுப்போர் மிகக் கண்டிப்பானவர்கள். தவறான எழுத்து விழுந்தால் ஓரடி பின்சென்று அதனை அழித்துத் திருத்துவர். அதனையும் தப்பிய பிழையைப் பின்வரும் திருத்துவோர் களைவர். இவ்வாறு எல்லாம் முடிந்தபின் எஞ்சும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கும். ஆயினும் இக்கண்டிப்பே அவர்களின் பலவீனமும் ஆகும். மூல எழுத்திலே அந்நியப் பொருள் ஒன்று ஒட்டிக்கொண்டால், அவர்களது பிடிக்குள் அவ்வெழுத்து அடங்காது. அவர்கள் நின்றுவிடுவர். நின்றால் கலம் மடியும்.

இவ்விக்கட்டைக் கலம் எவ்வாறு கடக்கிறது? பற்றீரியாக்களின் மீது கழியூதாக் கதிரைப் பாய்ச்சி நெடுங்காலம் ஆராய்ந்த எவ்லின் விற்கின் அம்மையாரும், மிறோஸ்லாவ் றட்மன் என்பாரும் 1970களிலே ஒரு கொள்கையை வகுத்தனர். பேரிடர் வந்தவிடத்து, பற்றீரியா தன் பரம்பரை அலகுகள் பலவற்றை ஒருங்கே விழிக்கச் செய்கிறது. அவற்றுட் சில, பிழை நேரினும் பரவாயில்லை என்று படியெடுப்பை முன்னே தள்ளுகின்றன. மூழ்கும் கப்பல் அனுப்பும் அபாயச் சமிக்ஞையான எஸ்.ஓ.எஸ். என்பதனையே றட்மன் இதற்குப் பெயராக இட்டார். பொருத்தமான பெயரே. மூழ்கும் கப்பலில் உள்ளோர், உயிர் தப்பும் பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிவதில்லையா? அதே காலத்தில், 1971ஆம் ஆண்டில், ஜெவ்றி லெமன்ற் என்பார் மதுவத்திலே சில விகாரிகளைக் கண்டார். கழியூதாக் கதிர் பட்டாலும் அவற்றிற் புதிய விகாரங்கள் அதிகம் தோன்றவில்லை. பிழை தானாக நேர்வதன்று, பிழையை எழுதுவதற்கும் ஒரு கருவி உண்டு என்பது இதனாற் புலனாயிற்று.

அக்கருவிகள் நொதியங்களே என்பது 1996க்கும் 2000க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் வெளியாயிற்று. இங்கே ஒரு நோயைப் பற்றிச் சொல்லல் வேண்டும். வெயில் பட்டாலே தோலிற் புற்றுநோய் மலியும் ஒரு பிறவி நோயை, வியன்னா நகரத்து வைத்தியர் மோறிஸ் கப்போசி 1870களில் விவரித்திருந்தார். கழியூதாக் கதிர் பட்ட டீ.என்.ஏ.யைச் செப்பனிடும் ஆற்றல் இந்நோயாளரிடம் இல்லை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். ஆனால் அவர்களுட் சிலரிடம் அவ்வாற்றல் குறைவின்றி இருந்தது. எனினும் நோய் வந்தது. இப்புதிர் 1999ஆம் ஆண்டில் அவிழ்ந்தது. யப்பானிலே பூமியோ ஹனஓக்காவின் குழுவினரும், அமெரிக்காவிலே லூயிஸ் பிரகாஷ், சத்யா பிரகாஷ் தம்பதியரின் குழுவினரும், அந்நோயாளரிடம் பொலிமரேசு ஈற்றா என்னும் நொதியம் பழுதுபட்டிருத்தலைக் கண்டனர்.

இவ்விடத்திலே ஓர் உண்மையை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஈற்றா, பழுதற்ற இழையைப் படியெடுக்கும்போது பெரிதும் பிழை விடுவது. ஆனால் வெயிலாலே ஒட்டிப்போன இரண்டு தைமின்களுக்கு எதிரே அது சரியான எழுத்துக்களையே இடுகிறது! அது இல்லாதவிடத்து வேறு நொதியங்கள் அவ்வேலையைப் பிழையாகச் செய்ய, புற்றுநோய் தோன்றுகிறது. ஆகவே பிழை விடுவோன் என்று நாம் இகழும் இந்நொதியம், தனக்குரிய இடத்திலே காவலனாய் நிற்கிறது. ஈற்றா, அயோற்றா, கப்பா, றெவ் 1 என்னும் நான்கும் மனிதனிடத்துள்ள உறவினர். இவர்களுடன் சீற்றா என்னும் வேறு குடும்பத்து நொதியமும் சேர்ந்து உழைக்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வகைப் பழுதிலே தேர்ச்சி உண்டு. தேர்ச்சியில்லாத இடத்திற்கு ஒருவர் அழைக்கப்படும்போதுதான் கேடு நேர்கிறது.

இப்பொழுது புகைக்கு வருவோம். பென்சோபைரீன் தன்னளவிலே டீ.என்.ஏ.யுடன் சேர்வதில்லை. அது எண்ணெய்த் தன்மையுடையது. உடல் அதனை நீரிற் கரையச் செய்து வெளியேற்ற முயலுகிறது. அம்முயற்சியின் இடையிலே, நஞ்சினும் கொடிய ஒரு வடிவம் பிறந்துவிடுகிறது என்பதை 1974இல் பீற்றர் சிம்ஸ், பிலிப் குறோவர் முதலியோர் காட்டினர். அவ்வடிவம் டீ.என்.ஏ.யிலே குவானைன் என்னும் எழுத்தைப் பற்றிக்கொள்கிறது. ஏட்டிலே செல்லரித்த இடம் இதுவே. கப்பா வந்தால் அதற்கெதிரே பெரும்பாலும் சைற்றோசைன் என்னும் சரியான எழுத்தை இட்டுவிடும். வேறு நொதியங்கள் வந்தால் பெரும்பாலும் அடினைனை இட்டுவிடும். அடுத்த படியெடுப்பில் அவ்வடினைனுக்கு எதிரே தைமின் வந்து அமரும். முன்பு குவானைன் இருந்த இடத்திலே இப்பொழுது தைமின்! பாடபேதம் பிறந்துவிட்டது. இனி முதன்மைப் படியெடுப்போரும் அதனையே மூலமெனக் கொள்வர்.

பெரும்பாலான பாடபேதங்களால் தீங்கில்லை. ஆனால் பீ 53 என்னும் பரம்பரை அலகிலே அது நேர்ந்தால் கதை வேறு. கலம் கட்டுக்கடங்காது பெருகுவதைத் தடுக்கும் காவற்காரன் அது. சுவாசப்பைப் புற்றுநோயாளரிடம் அவ்வலகின் சில குறித்த இடங்களிலே பிழை மிகுந்திருத்தல் முன்னரே அறியப்பட்டிருந்தது. 1996ஆம் ஆண்டில், கேட் பைவர், மூன்சொங் ராங் முதலியோர், பென்சோபைரீனின் கொடிய வடிவத்தை மனிதக் கலங்களிற் செலுத்தி, அது அவ்வலகில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று பார்த்தனர். 157, 248, 273 என்னும் இடங்களில் அது மிகுதியாக ஒட்டியது. நோயாளரிடம் பிழை மிகுந்து காணப்பட்ட இடங்களும் அவையே! குற்றம் நடந்த இடத்திலே குற்றவாளியின் கைரேகை கிடைத்தது போலாயிற்று. பிஷரின் வாதத்திற்கு இதைவிடத் தக்க விடை வேண்டுவதில்லை. பரம்பரை அலகுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அவர் கருதியது வீணன்று. ஆனால் அவ்வலகு பிறவியிலே அவ்வாறு அமைந்ததன்று, புகையாலே மாற்றி எழுதப்பட்டது.

பின்னர் முழு ஏட்டையும் படிக்கும் வல்லமை வந்தது. 2010ஆம் ஆண்டில் ஒரு சுவாசப்பைப் புற்றுநோய்க் கலத்தின் டீ.என்.ஏ. முழுவதும் வாசிக்கப்பட்டபோது, 22,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்கள் காணப்பட்டன. ஏறத்தாழ 15 சிகரட்டுக்கு ஒரு மாற்றம் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். 2016ஆம் ஆண்டின் ஆய்வொன்று, நாளுக்கு ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைப்பவரின் சுவாசப்பைக் கலம் ஒவ்வொன்றிலும் சராசரி 150 மாற்றங்கள் சேர்வதாகக் கூறிற்று.

பிழை எழுதும் நொதியங்களுக்கு இந்நோயிலே உள்ள பங்கையும் ஆய்வாளர் தேடினர். சுவாசப்பைப் புற்றுநோய்க் கட்டிகளிலே கப்பா அளவுக்கு மீறி உண்டாதலை 2001ஆம் ஆண்டின் ஆய்வொன்று தெரிவித்தது. தனக்குரிய பழுதிலே சரியாக எழுதுவோனும், அழையாத இடமெல்லாம் நுழைந்தால் பிழையே விளைவிப்பான் அன்றோ? எலிகளிலே, இரசாயனப் பொருள்களாற் சுவாசப்பைக் கட்டி தோன்றும் இயல்பு அயோற்றாவின் அலகோடு தொடர்புற்றிருக்கலாம் என்பது 2004இல் வெளியாயிற்று. 2009ஆம் ஆண்டில், எலிகளின் சுவாசப்பையிலே றெவ் 1 நொதியத்தைக் குறைத்தபோது பென்சோபைரீன் உண்டாக்கும் கட்டிகளும் குறைந்தன. மருத்துவத்திற்கும் இதனாற் பயனுண்டு. சிஸ்பிளற்றின் என்னும் மருந்து புற்றுக்கலத்தின் டீ.என்.ஏ.யைப் பழுதாக்கி அதனைக் கொல்வது. ஆனால் பிழை எழுதுவோர் அப்பழுதையும் தாண்டிக் கலத்தைப் பிழைப்பித்து விடுகின்றனர். 2010ஆம் ஆண்டில் எலிகளிலே சீற்றாவை அடக்கியபோது, மருந்துக்கு மசியாத சுவாசப்பைக் கட்டிகளும் மசிந்தன. இவை பெரும்பாலும் எலிகளிற் கண்டவை. நோயாளியின் படுக்கையருகே வருமுன் இன்னும் நெடுவழி நடத்தல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை யாது? 1950ஆம் ஆண்டிலே எண்ணிக்கை உண்மையைச் சொல்லிவிட்டது. அது நிகழும் வழி 1996இலும் அதன் பின்னருமே விளங்கிற்று. வழி விளங்கும்வரை செயலாற்ற வேண்டாம் என்று வாதித்த அரை நூற்றாண்டிலே மாண்டோர் தொகை சொல்லுந்தரமன்று. கிணற்று நீர் குடித்தோர் வாந்திபேதியால் மடியக் கண்டால், கிருமியின் பெயர் தெரியும்வரை அந்நீரையே இறைத்துக் கொடுப்பவன் அறிவாளியாகான். ஆய்வு தொடரட்டும், அதற்காகக் கிணற்றை மூடப் பிந்துதல் ஆகாது.

நமது நாட்டினருக்கு இது புறத்தார் கதையன்று. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே விளைந்த புகையிலை தலைமுறை தலைமுறையாகப் பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. பலரைப் பள்ளிக்கூடத்திற்கும் அனுப்பியது. அவ்வுழைப்பாளரை இகழ்வது நம் கருத்தன்று. ஆயினும் உண்மையை அறிந்தபின் அதனைப் பிள்ளைகளுக்கு மறைத்தல் ஆசிரியர்க்கு அழகாகாது. 2003ஆம் ஆண்டில் உலக நாடுகள் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கென ஓர் உடன்படிக்கை செய்தன. 2006இல் இலங்கைப் பாராளுமன்றமும் அதற்கெனச் சட்டம் இயற்றியது. சட்டம் கடையைக் கட்டுப்படுத்தும். கையைக் கட்டுப்படுத்துவது அறிவே.

புகைக்காதோருக்கும் இந்நோய் சிலவேளை வருவதுண்டு. புகைத்தோர் யாவருக்கும் அது வருவதுமில்லை. எவ்வெழுத்திலே பிழை விழும் என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஏட்டிலே எத்தனை துளைகள் விழுகின்றன என்பது பெரிதும் நம் கையிலுள்ளது. பிரித்தானிய வைத்தியர்களை 50 ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வந்த டோலும் அவர் துணைவரும் 2004ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். வாழ்நாள் முழுதும் புகைத்தோர் சராசரி 10 ஆண்டு ஆயுளை இழந்தனர். 60 வயதில் விட்டோர் 3 ஆண்டையும், 50 வயதில் விட்டோர் 6 ஆண்டையும், 40 வயதில் விட்டோர் 9 ஆண்டையும் மீட்டுக்கொண்டனர். 30 வயதில் விட்டோர் ஏறத்தாழ முழுவதையுமே மீட்டனர்.

எழுதிய பிழையை அழிக்க இயலாது. எனினும் புதிய துளை விழாதிருப்பின், நம்முள்ளே இராப்பகலாய் உழைக்கும் படியெடுப்போர் தம் பணியைச் செம்மையாகவே செய்வர். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுள் எவர் கையிலேனும் இப்பொழுது ஒரு சிகரட்டு இருக்குமாயின், அதனை அணைத்துவிடுதற்கு இனியும் ஓர் ஆய்வு வெளிவர வேண்டியதில்லை.